நல்ல படம் எடுத்து நான் தொலைத்த கார்

என் செல்லப் பேத்தி தோரிகாவுக்கு, ராகிராகிக் கடற்கரையிலிருந்து உன் பாட்டி கெலெரா அநேக முத்தங்களோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், உன் தாத்தா சுகம், பன்றிகள் சுகம், மரவள்ளி இந்த வருஷம் தொடை கனத்துக்கு விளைந்திருக்கிறது. நீயும் உன் விடுதித் தோழிகளும் அவ்விதமே சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நம்முடைய காரும் எங்கேயோ சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அது இப்போது நம் வீட்டில் இல்லை.

போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் அழுவேன், அதற்குள் காசு தீர்ந்துவிடும் என்றுதான் எழுதி உன் ஊருக்கு வரும் சுவா பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி. உன் அப்பன் ஆஸ்திரேலியாவில் பழம் பறித்து, என் பேருக்கென்றே வாங்கித் தந்த கார் அது. நீ நர்ஸ் பட்டம் வாங்கும் நாளில் மண்டப வாசலில் பாட்டி அந்தக் காரிலிருந்து இறங்குவாள் என்று நீ விடுதியில் சொல்லப்போய், யாரோ ஒருத்தி, “உங்க பாட்டி கரும்பு லாரியிலதானே வருவாங்க?” என்று கேட்டாளாமே, அவள் வாயை அடைக்க நீ ஒரு படம் கேட்டாய். நானும் எடுத்து அனுப்பினேன். கார் படம் எடுக்கிறோம் என்று தெரிந்தால் இந்த ஊரில் யார்தான் வீட்டுக்குள் இருப்பார்கள்? எல்லாரும் தலைக்கு எண்ணெய் தடவி முன்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

“பாட்டி, இது காரா, சர்ச் பாட்டுக் கோஷ்டியா? கார் எங்க?” என்று கேட்டாய்.

“பின்னாலதான்டி இருக்கு. உன் தாத்தா காதுக்கும் சித்தப்பன் தலைக்கும் நடுவுல நீலமாத் தெரியுது பாரு” என்றேன்.

அப்புறம் நீ பாடம் நடத்தினாய். காலை வெயில் சாய்வாக விழும்போது எடு, ஆள் ஒருத்தரும் கூடாது, நேர் முன்னால் நிற்காமல் மூலையிலிருந்து எடு, முன் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி வை, குனிந்து எடு என்றாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். மினுங்கட்டும் என்று தேங்காயெண்ணெய் பூசினேன், ஊர்ப் புழுதி முழுக்க அதில் வந்து ஒட்டிக்கொண்டது. கழுவினேன். குனியச் சொன்னாயே என்று சேப்பங்கிழங்குப் பாத்தியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை, உன் தாத்தா தூக்க வந்து அவரும் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மழை விட்ட ஒரு காலையில் காரைக் கடலோரம் ஈர மணலுக்குக் கொண்டுபோய்ப் படுத்துக்கொண்டு எடுத்தேன். சக்கரம் மணலில் புதைந்து, ரக்பிப் பையன்கள் சேர்ந்து தள்ளித்தான் வெளியே வந்தது. ஆனால் படம்! கார் மணலிலும் ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டாகத் தெரிந்தது. இடது கதவின் நெளிசல் தெரியவில்லை, பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பது தெரியவில்லை. பிஷப்பின் கார் என்றால் நம்புவார்கள்.

உனக்கு அனுப்பியதோடு விட்டேனா? போதகர் மனைவிக்குக் காட்டினேன். அவள் தன் தங்கைக்கு அனுப்பினாள். ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் அது தைலேவு வரைக்கும் போய்விட்டது, அங்கேதான் உன் தாத்தாவின் அக்காள் மகன் இசிகேலி இருக்கிறான். மறுநாளே, பெரியவர்கள் முன் வைத்துக் கேட்கிற, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரை ஒரு கட்டு சுமந்துகொண்டு வந்து, பாயில் சம்மணமிட்டு, கையைத் தட்டி மரியாதை சொன்னான்.

“கேக்கவே வெக்கமாத்தான் இருக்கு மாமா. படத்தப் பாத்ததுலேருந்து தூக்கமே இல்ல.”

வெட்கமாக இருந்தால் கேட்காதே என்று அடுப்படியிலிருந்து நான் பானை மூடியைக் கீழே போட்டேன், இருமினேன், இன்னொரு மூடியும் போட்டேன். நம் வழக்கத்தில் அக்காள் மகன் வேர் வைத்துக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாமனுக்கு வாய் ஏது? உன் தாத்தா வேரைத் தொட்டுவிட்டார். தொட்டால் கொடுத்தது போலத்தான்.

அப்போதும் ஒரு வழி இருந்தது, தோரிகா. அதை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரைச் சுற்றிவந்த இசிகேலி கயிற்றைப் பார்த்துவிட்டு நின்றான்.

“என்ன மாமி, படத்துல வேற மாதிரி இருந்துச்சே? நெசமாவே இந்தக் காரத்தான் படம் எடுத்தீங்களா? பாவம், நீங்களே வெச்சுக்கோங்க, பரவால்ல.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கார் நின்றிருக்கும். ஆனால் என் படத்தைப் பொய் என்கிறானே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்னடா குறை கண்டே? இந்த மூலையில வந்து குனிஞ்சு பாருடா!” என்று அவன் பிடரியைப் பிடித்து மண்டிபோட வைத்தேன். வெயிலும் அந்த நேரம் பார்த்துச் சாய்வாக விழுந்து தொலைத்தது.

“அட ஆமா மாமி! அம்சமா இருக்கு!” என்று ஏறி உட்கார்ந்தவன்தான், போயே போய்விட்டான். தவளை தன் வாயால் கெட்டது. “வித்தவளும் நீதான், அழுறவளும் நீதான்” என்கிறார் உன் தாத்தா.

ஆகையால் கண்ணு, நாங்கள் பஸ்ஸில்தான் வருகிறோம். உன் தோழிகள் கண்ணில் படாமல் வாசலுக்குத் தள்ளியே இறங்கிக்கொள்கிறோம். அந்தப் படத்தை அழித்துவிடு. இனி இந்த வம்சத்தில் யாரும் எதையும் நன்றாகப் படம் எடுக்க வேண்டாம், யாரும் யாரிடமும் எதையும் கேட்கவும் வேண்டாம். கேட்பது எவ்வளவு பெரிய பாவம் என்று இப்போதுதான் தெரிகிறது. நீ தொட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும், உன் வெள்ளை உடுப்பில் கறை படாதிருக்கட்டும். தாத்தாவும் பன்றிகளும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் பாட்டி,
கெலெரா

பி.கு.: உறையை ஒட்டும்போது இசிகேலி ஒரு படம் அனுப்பினான், தன் வீட்டு வாசலில் காரோடு நின்றுகொண்டு. உச்சி வெயில், நேர் முன்னால் நின்று எடுத்தது, படமா அது! பின்னால் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை பையன். கொட்டகைக்குள்ளிருந்து புத்தம்புது வேன் ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது, சீட்டு மேலுள்ள பிளாஸ்டிக்கூடக் கிழிக்கவில்லை. “வேன் வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொன்னானா பாத்தீங்களா?” என்றேன். “நீ கேட்டியா?” என்றார் உன் தாத்தா. இதோ வேர் வாங்கச் சந்தைக்குக் கிளம்பிவிட்டார். வேனை உன் பட்டமளிப்பு அன்றைக்கு மட்டும் என்று கேட்போம் என்கிறார். எத்தனை நாளைக்கு என்பதை நான் பேசிக்கொள்கிறேன். நீ மண்டப வாசலில் கொஞ்சம் பெரிய இடமாகப் பிடித்து வை.