மூன்று கடை, ஐந்து விளக்கு

இனிமேல் வீட்டுச் சரக்குக் கணக்கு தன் பொறுப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அறிவித்தார். பம்பு கம்பெனியில் பதினெட்டு வருஷ ஸ்டோர் கீப்பர். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் மனைவி துணி கிளிப்பை வைத்துக் கணக்குப் பார்த்தால் தலைக்குனிவா இல்லையா?

மனைவி இணையத்தில் மூன்று தளங்களில் மேசை விளக்கு விற்கிறாள். விளக்குக்கு ஒரு கிளிப் வீதம் அலமாரிக் கம்பியில் தொங்கும். எந்தத் தளத்தில் விற்றாலும் ஒரு கிளிப்பைக் கழற்றிவிட்டு, மற்ற இரண்டிலும் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவாள். மூன்று வருஷமாக ஒரு பிசகு இல்லை.

"இதெல்லாம் ஒரு கணக்கா?"

"சரியாத்தானே இருக்கு?"

"கிளிப்பு துணிக்கு. கணக்குக்கு மூளை வேணும்."

"சரிங்க," என்று கிளிப்புகளைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனாள். இத்தனை சுலபமாக அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. மனுஷர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அலமாரியில் நீல விளக்கு ஐந்து இருந்தது. மூன்று தளத்திலும் ஐந்து ஐந்து என்று பதிந்தார். ஒன்றில் விற்றாலும் மற்ற இரண்டில் குறைக்கவில்லை; பெரிய கடை மாதிரித் தெரியுமே. செவ்வாய்க்கிழமைக்குள் ஏழு ஆர்டர். ஐந்தை அனுப்பியாயிற்று, மிச்ச இரண்டுக்கு அலமாரியில் தூசிதான் இருந்தது. மொத்த வியாபாரி அடுத்த மாதம்தான் என்று கையை விரித்துவிட்டார். ரத்து செய்தால் தளத்துக்காரர்கள் கடையைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அவள் மூன்று வருஷமாக வளர்த்த கடை. அன்று இரவு தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன, சாப்பாடு இறங்கலையா?"

"பசியில்ல."

"சரக்கெல்லாம் சரியா இருக்கா?"

"என்கிட்டயா கேக்குற?"

"வேற யாரைக் கேக்க? மூளை உங்ககிட்டத்தானே இருக்கு."

யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொண்டார். ஆனால் சறுக்கிய யானைக்கு இப்போது இரண்டு விளக்கு வேண்டும். மறுநாள் வேலையிடத்தில் உட்கார்ந்து தேடினார். நான்காவதாக ஒரு தளத்தில், முந்தின நாள்தான் திறந்த கடை ஒன்றில், அதே நீல விளக்கு. இரண்டே இரண்டு. விலை இரட்டிப்பு. கண்ணை மூடிக்கொண்டு கம்பெனி முகவரிக்கு வரவழைத்தார்.

வியாழக்கிழமை பெட்டி வந்தது. விளக்கைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் பாதி போட்ட குறுக்கெழுத்து. கையெழுத்து அவருடையது. அனுப்பியவர் முகவரியைப் பார்த்தார். அதுவும் அவருடையதுதான்.

மாலையில் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏழு இருந்துச்சு," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "நீங்க கணக்கைக் கையில எடுத்த அன்னிக்கே ரெண்டைக் கட்டிலுக்கடியில வச்சுட்டேன். சாப்பாடு இறங்கலன்னதும் கடையைத் திறந்துட்டேன்."

"நேரா குடுத்திருக்கலாமே?"

"நேரா கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை பிழைத்ததே, அது போதும். மாடிக்குப் போய்க் கிளிப்புகளை எடுத்து வந்து அவரே கம்பியில் மாட்டினார். அப்போது போன் சிணுங்கியது. வாங்கிய பொருளுக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சு போடுங்க. எண்ணிப் போடுங்க."