நாற்பத்தைந்து விநாடி

"இது உங்க கையெழுத்துதானே, மிஸ்டர் வாவ்ரா?"

லோரன் வாவ்ரா தாளை வாங்கிப் பார்த்தார். அவருடையதேதான். மகள் ஜோலின் பத்தாம் வகுப்பில் ஸ்பானிஷை விட்டுவிட்டு ஜெர்மன் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று சொல்லும் படிவம். ஒரு பனிக்காலக் காலையில், வண்டியின் முன்மூடிமேல் வைத்து, என்ன ஏது என்று படிக்காமல் போட்ட கையெழுத்து. ஓரத்தில் கிரீஸ் கறைகூட அப்படியே இருந்தது.

"ம்" என்றார்.

எதிரே இருந்தவர் மிஸ் ஆல்ட்மன். கல்லூரிச் சேர்க்கைக்கு வழிகாட்ட அந்த ஆண்டுதான் பள்ளிக்கு வந்தவர். பல்கலைக்கழகம் அயல்மொழி இரண்டு ஆண்டு கேட்கிறது, ஜோலினுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷ் ஓர் ஆண்டு, பத்தாம் வகுப்பில் ஜெர்மன் ஓர் ஆண்டு, அதனால் குறைகிறது என்றார்.

"ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுதானே?"

"ஒரே மொழியில ரெண்டு வருஷம் சார். ஒரு பூட்ஸையும் ஒரு செருப்பையும் வெச்சுக்கிட்டு ஜோடின்னு சொல்ல முடியாதில்ல?"

மே ஒன்றாம் தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் பல்கலைக்கழகம் ஜோலினுக்குக் கொடுத்த இடம் போய்விடும். அவளுக்குக் கால்நடை மருத்துவராக வேண்டும். ஆறு வயதில் பக்கத்துப் பண்ணையில் கன்று பிறப்பதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. ஸ்பானிஷையே அதற்காகத்தான் எட்டாம் வகுப்பில் தொடங்கினாள், பெரிய பண்ணைகளில் பாதிப்பேர் அந்த மொழிதான் பேசுகிறார்கள் என்று. அதற்குத்தான் அப்பா கையெழுத்தாலேயே முட்டுக்கட்டை போட்டிருந்தார்.

வண்டியில் ஏறியதும் விஷயத்தைச் சொன்னார். "பரவாயில்லப்பா" என்றாள் ஜோலின். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் குடும்பமே அப்படி. லோரன், சோள வயலுக்குத் தண்ணீர் தெளிக்கும் ராட்சத எந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். நாள் முழுவதும் தனியாக வயல் நடுவில் நிற்கிறவருக்குப் பேச்சு எதற்கு? ஜோலின் பள்ளியின் குண்டு எறிதல் வீராங்கனை. குண்டைத் தூர எறிவாள், வார்த்தையைப் பத்திரமாக வைத்துக்கொள்வாள். வாயாடி என்று சொல்லத்தக்க ஒரே ஆள் அம்மா டார்லா. அவளோ பெரிய லாரி ஓட்டுகிறவள். வாரத்தில் ஆறு நாள் ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்த வீட்டில் சத்தம் கேட்கும்.

அன்று மாலை லோரன் பல்கலைக்கழகத்தின் விதிகளை அடிமுதல் நுனிவரை படித்தார். வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசுகிறவர்களுக்கு அயல்மொழிப் படிப்பிலிருந்து விலக்கு உண்டு என்று ஓரிடத்தில் இருந்தது. அவருடைய முன்னோர்கள் செக் நாட்டிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு வந்தவர்கள். ஆகஸ்டு மாதத் திருவிழாவில் பூவேலை போட்ட சட்டை அணிந்து ஆடுகிறவர் அவர். செக் மொழியில் பத்துவரை எண்ணத் தெரியும். பீருக்கும் உருண்டைக் கொழுக்கட்டைக்கும் வார்த்தை தெரியும். மாமா ஒருவரிடம் கற்ற ஒரு கெட்ட வார்த்தையும் தெரியும். வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் செக் என்று எழுதி அனுப்பிவிட்டார். உண்மையில் அந்த வீட்டில் எந்த மொழியுமே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை என்பதால் அவருக்குப் பெரிதாக மனம் உறுத்தவில்லை.

பத்தே நாளில் பதில் வந்தது. விலக்கைப் பரிசீலிக்கிறோம், மகிழ்ச்சி. ஆனால் ஜோலின் வாவ்ராவின் வீட்டு மொழி ஆங்கிலம் அல்ல என்பதால், அவர் ஆங்கிலத் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

டார்லாவுக்குச் செய்தி வயோமிங் மாநிலத்தில் ஏதோ ஒரு லாரி நிறுத்தத்தில் எட்டியது. போனில் ஐந்து நிமிடம் சிரித்தாள்.

"ஏய்யா, இங்கேயே பொறந்த பொண்ணுக்கு இங்கிலீஷ் பரீட்சையா? நீ வாயைத் திறக்காத வரைக்கும் நல்லாத்தான் இருந்த."

"எழுதிட்டா முடிஞ்சுது" என்றார் லோரன்.

பிப்ரவரியில் ஒமாஹா நகரம் வரை வண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். தேர்வு அறையில் பல நாட்டுப் பிள்ளைகள். எல்லோரும் கலவரத்தோடு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஜோலின் மட்டும் பபிள்கம் மென்றபடி உள்ளே போனாள்.

படிப்பதிலும் எழுதுவதிலும் முழு மதிப்பெண். பேசுவதில் கவிழ்ந்துவிட்டாள்.

எப்படி என்று லோரனுக்குப் புரியவில்லை. என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார்.

"பிடிச்ச இடத்தைப் பத்தி நாற்பத்தஞ்சு விநாடி பேசச் சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"மாட்டுக் கொட்டகை. அமைதியா இருக்கும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். மிச்ச நேரம் அமைதியா இருந்தேன்."

லோரன் யோசித்துப் பார்த்தார். அவரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். கொட்டகை என்ற வார்த்தையைக்கூடச் சேர்த்திருப்பாரா என்பது சந்தேகம். மகளைக் கோபித்துக்கொள்ள அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளுக்குச் சொத்தாகக் கொடுத்ததே இதைத்தான்.

மறுதேர்வு எழுதலாம் என்றிருந்தது. எனவே பயிற்சி தொடங்கியது. முட்டை வேகவைக்கும்போது திருகி வைக்கிற சின்ன மணியை லோரன் வண்டியின் முன்பலகையில் ஒட்டவைத்தார். பள்ளிக்குப் போகும்போது ஒரு தலைப்பு, திரும்பும்போது ஒரு தலைப்பு. மணி அடிக்கும்வரை நிறுத்தாமல் பேச வேண்டும்.

முதல் நாள் ஜோலின் பதினொரு விநாடி தாக்குப்பிடித்தாள்.

"நீங்க பேசிக் காட்டுங்க பார்ப்போம்" என்றாள்.

லோரன் தொண்டையைச் செருமினார். ஒன்பது விநாடி.

அவமானமாகிவிட்டது. மறுநாள் வயலில் எந்திரத்தடியில் படுத்துக்கொண்டே ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார். அதற்கடுத்த வாரம் இருவரும் அரை நிமிடத்தைத் தொட்டார்கள். பேசப் பேச விஷயங்கள் வந்துகொண்டே இருந்தன. டார்லாவை முதன்முதலில் பார்த்தபோது அவள் லாரியின் டயரை உதைத்துத் திட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னார். குண்டு எறிவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும் என்று ஜோலின் சொன்னாள். அது அவருக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

மார்ச் முதல் வாரத்தில், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பத்தொன்பது வயதில் அவரும் அதே பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறார். வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. யாரையாவது கேட்க வாய் வரவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மணி அடித்தது. இருவருமே அதை நிறுத்தவில்லை.

"அதான் எனக்காக இவ்வளவு அலையறீங்களா?" என்றாள் ஜோலின்.

"ம்" என்றார். பிறகு ஒரு வார்த்தை போதாதென்று நினைத்து, "ஆமாம்மா. நீயாவது உள்ள போகணும்" என்றார்.

அதன்பிறகு மணியைத் திருக மறந்தும் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு மாலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் மறுதேர்வுக்கு எப்போது பதிவு செய்யலாம் என்று கேட்டால் மட்டும் ஜோலின் பிடிகொடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பழகணும்ப்பா" என்பாள். மார்ச் போயிற்று. ஏப்ரலும் பாதி போயிற்று. கடைசித் தேர்வுத் தேதியும் போயிற்று.

லோரனுக்குத் தூக்கம் போனது. உண்மையைச் சொல்லிக் காலில் விழுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி, இருப்பதிலேயே நல்ல சட்டையான அந்தத் திருவிழாப் பூவேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிளம்ஸ் ஜாம் வைத்த கொலாச்சி என்ற செக் ரொட்டி இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு, மகளிடம் சொல்லாமல் கிளம்பினார். பல்கலைக்கழக வாசலில் வண்டியை நிறுத்தி, காவலாளியிடம் எங்கே நிறுத்துவது என்று கேட்டார். காவலாளி கையை நீட்டிக் காட்டினான். அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஜோலினின் விலக்குக் கோப்பு போயிருந்த அயல்நாட்டு மாணவர் பிரிவில் திருமதி ஹோம்க்விஸ்ட் என்ற அன்பே உருவான அம்மாள் கோப்பைத் திறந்தாள். வாவ்ரா என்ற பெயரைப் பார்த்தாள், அவருடைய சட்டைப் பூவேலையைப் பார்த்தாள். மிக மெதுவாக, மிக உரக்கப் பேசத் தொடங்கினாள்.

"நீங்க. நல்லா. வந்து. சேர்ந்தீங்களா?"

"ம்."

"பயணம். ரொம்ப. தூரமா?"

"ரெண்டு மணி நேரம்" என்றார் லோரன்.

அந்த அம்மாள் கைதட்டினாள். இங்கிலீஷ் ரொம்ப நன்றாக வருகிறது, வெட்கப்படாமல் பேசிப் பழகுங்கள் என்று ஊக்கம் கொடுத்தாள். கொலாச்சியைக் கடித்துவிட்டு, உங்கள் ஊர்ப் பலகாரம் பிரமாதம் என்றாள். லோரன் வாயைத் திறக்கும்போதெல்லாம், அவசரமே இல்லை, வார்த்தை தானாக வரும் என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

லோரன் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். வாழ்நாளிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார். தான் பிறந்து வளர்ந்தது இங்கேதான், மகளும் அப்படியே என்றார். கிரீஸ் கறை பட்ட கையெழுத்தைச் சொன்னார். செக்கில் பத்துவரைதான் எண்ணத் தெரியும் என்றார். பொய் எழுதியது தான், தண்டனையைத் தனக்குக் கொடுங்கள் என்றார். மகளுக்குக் குறைவாகப் பேச வருமே தவிர, பேசுவதெல்லாம் தங்கம் என்றார். கன்று பிறந்ததைச் சொன்னார், குண்டு எறிவதைச் சொன்னார், அவளுக்கு வயிறு கலங்குவதைச் சொன்னார். இந்த மூன்று மாதத்தில்தான் என் பெண் யாரென்றே எனக்குத் தெரிந்தது, அவள் இடத்தைப் பறித்துவிடாதீர்கள் என்று முடித்தார்.

திருமதி ஹோம்க்விஸ்ட் கொலாச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த மேசையில் கோப்புகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த ரோண்டா என்ற எழுத்தர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் ஜோலின் அப்பாவா? எட்டாம் வகுப்பு ஸ்பானிஷையும் சேர்த்தா ரெண்டு வருஷம் ஆச்சுன்னு மார்ச் மாசமே அவ போன் பண்ணி எல்லாத்தையும் சரிபண்ணிட்டாளே சார். 'அப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க, அவர் இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கார்'னு கேட்டுக்கிட்டா."