நூற்றுத் தொண்ணூறு டிகிரியில் ஒரு நேர்கோடு

நேராக இருக்கும் எதையும் நான் உடனே நம்பிவிடுவேன், பிள்ளைகளே. அந்த நோயைப் பாதி குணமாக்கியது ஒரு கேக். (மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.)

மாசாய் ஊரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஒருநாள், கணினியில் எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் விரிதாள் வகுப்பு வைத்தார்கள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நான். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு நெடுவரிசைகளில் எண்களைக் கொடுத்தால் கணினி அவற்றைப் புள்ளிகளாக வைக்கிறது. இன்னொரு பொத்தானை அழுத்தினால், எல்லாப் புள்ளிகளுக்கும் முடிந்தவரை பக்கத்தில் போகிற மாதிரி ஒரே ஒரு நேர்கோடு இழுக்கிறது. அந்தக் கோட்டை நீட்டினால், நாம் அளந்தே பார்க்காததையும் சொல்கிறது. (கிளி ஜோசியத்துக்கு அரசாங்க அனுமதி கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.)

வீட்டுக்கு வந்ததும் கோடு போட எதையாவது தேடினேன். என் மனைவி ஸ்டெல்லா கேக் சுடுவதில் கெட்டிக்காரி. அவசரமென்றால் ஓவன் சூட்டை ஏற்றுவாள், நிதானமென்றால் இறக்குவாள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டேன்.

"ஏங்க, போலீஸ் மாதிரி நிக்காதீங்க. அந்த முட்டையை அடிச்சுக் குடுங்க."

எண்களைக் கணினியில் தட்டினேன். முன்னும் பின்னுமாகக் கிடந்தன, பார்க்கவே அசிங்கம். சூட்டை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து நகர்த்தட்டுமா என்று கணினி கேட்டது. அதற்கு எதற்கு வீண் சிரமம் என்று வேண்டாம் என்றேன். பிறகு நிமிடங்களையும் அதே மாதிரி தனியாக அடுக்கினேன். கோடு போட்டால், புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. கோடு மலையேறுவதுபோல் மேலே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லாவின் தங்கை பிலோமினாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை அந்தோணியின் அம்மா தங்காக் ஊரில் துணிக்கடை வைத்திருந்தார். கேக்கைக் கடையில் வாங்கிவிடலாம் என்று அவர் சொன்னதற்கு, "எங்க வீட்டுப் பொண்ணுக்கு என் கையாலதாங்க" என்று ஸ்டெல்லா வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் மானம் முழுக்க அந்தக் கேக்கில்தான் இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று மாவைக் கலந்து டின்னில் ஊற்றி வைத்துவிட்டு, எங்கள் மகள் ஜெனிதாவோடு தேவாலய மண்டபத்தை அலங்கரிக்கப் போனாள். சற்று நேரத்தில் போன் வந்தது.

"ஏங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சீக்கிரமே வந்துடுறாங்களாம். ஓவனை நூத்தித் தொண்ணூறுல வைங்க. நேரத்தை அதுக்கேத்த மாதிரி மாத்திக்குங்க."

"கவலைய விடு. என்கிட்ட கோடு இருக்கு."

"என்னா கோடு?" என்று கேட்டாள். நான் அதற்குள் கணினிக்கு ஓடிவிட்டேன்.

நூற்றுத் தொண்ணூறு அவள் அதுவரை வைக்காத சூடு. கோட்டை நீட்டினேன். எண்பத்து மூன்று நிமிடம் என்றது. (சீக்கிரம் வேகத்தான் சூட்டை ஏற்றச் சொல்கிறாள் என்பது ஓவனுக்கே தெரிந்திருக்கும்.)

பாதி நேரத்திலேயே மணம் வந்தது. அப்புறம் வாடை. அப்புறம் புகை. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, குப்பை எரிக்கிறாயா என்று மலாயில் கேட்டார். "கேக்" என்றேன். அவர் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கடிகாரத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன். இவ்வளவு நேரான கோடு பொய் சொல்லுமா?

கேக்கை எடுக்க வந்த ஸ்டெல்லா டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். விரலால் கேக்கைத் தட்டினாள். வாசற்கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது.

"ஐசிங்கை எடுங்க," என்றாள் கடைசியில். "படம் புடிக்க மட்டும் வைப்போம். யாரும் வெட்டக் கூடாது."

வெள்ளையாகப் பூசி மேலே ரோஜா வைத்ததும் அது ராஜ குடும்பத்துக் கேக் மாதிரி ஆகிவிட்டது. மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காகப் போனது, மாப்பிள்ளையின் மாமா ஒருவர் எழுந்து, "கேக்கை வெட்டுங்கப்பா, பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லும்வரை.

அந்தோணியும் பிலோமினாவும் சேர்ந்து கத்தியை அழுத்தினார்கள். இறங்கவில்லை. அந்தோணி எழும்பி நின்று தன் முழுப் பாரத்தையும் போட்டார். இறங்கியது. ஆனால் வெளியே வரவில்லை. அவர் கத்தியைத் தூக்க, கேக் முழுதாகக் கத்தியோடு சேர்ந்து எழுந்து அந்தரத்தில் தொங்கியது.

மேலிருந்த ரோஜா ஒன்று 'பொத்' என்று விழுந்தது. ஸ்டெல்லா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து கேக்கைச் சுண்டிப் பார்த்தார். "யாரு சுட்டது?"

வகுப்பில் மாட்டிக்கொண்டவன் மாதிரி கையைத் தூக்கினேன். "நான்தாங்க. கம்ப்யூட்டர் சொன்னிச்சு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டுக்காரரு ஒருவாட்டி சோறு ஆக்கினாரு. பானையோட தூக்கிப் போட்டேன்," என்றார். பிறகு ஸ்டெல்லாவின் தோளைத் தொட்டு, "நீ ஏம்மா அழுவுற? நாங்க பொண்ணு பாக்கத்தான் வந்தோம், கேக்கு பாக்க வரல."

"ஆனா கேக்கைத் தூரப் போட்டுடாதீங்கண்ணே," என்றார் அந்தோணி என்னிடம். "கத்தி தீட்டலாம்லா."

அப்போதுதான் மண்டபம் சிரித்தது. ஸ்டெல்லாவும் சிரித்தாள். (என்னைப் பார்த்தல்ல.)

வீட்டுக்கு வந்து ஜெனிதா என் விரிதாளைத் திறந்தாள். "அப்பா, நூத்தம்பது டிகிரிக்கு எழுபத்தஞ்சு நிமிஷம்தானே ஜோடி? நீங்க ஏன் அதை நாப்பத்தெட்டோட கட்டி வச்சிருக்கீங்க? தனித்தனியா அடுக்கி எல்லா ஜோடியையும் பிரிச்சிட்டீங்களே!"

ஜோடிகளைத் திரும்பச் சேர்த்துக் கோடு போட்டாள். மேலே ஏறிய கோடு தலைகுப்புறக் கீழே இறங்கியது. நூற்றுத் தொண்ணூறுக்கு முப்பத்தெட்டு நிமிடம். இரண்டு கோடும் ஒரே மாதிரி நேராகத்தான் இருந்தன.

பிலோமினாவின் கல்யாணத்தன்று, குடும்பப் படத்துக்கு எல்லாரையும் உயரப்படி நிறுத்தலாமே என்று ஆசையாக முன்னே போனேன்.

"அத்தானை யாராச்சும் புடிங்க," என்று கத்தினாள் மணப்பெண். "அவரு அடுக்கினா இவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போயிடுவோம்."

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் படம் எடுக்கும் முன் யாராவது அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறாள். நானும் நகராமல் நிற்கிறேன்.