ஒன்பது மணி நேரத் தொட்டி

நெய்வேலி நகரியம்,
8.10.1978

அன்புள்ள மைத்துனர் சோமசுந்தரத்துக்கு, அத்தான் ஜெயராமன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்காள் புஷ்பவல்லி, மகள் விஜயகுமாரி, நான் மூவரும் நலம். அங்கே உங்கள் நலத்துக்கு முருகன் துணை. நீங்களும் ஒரு கணக்கு வாத்தியார் என்பதால், இதைப் படித்துவிட்டு உங்கள் கூட்டத்தை நினைத்து வெட்கப்படும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் ஒரு கணக்கு. பெரிய குழாய் ஒரு தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், சின்னக் குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? விஜயா மனசுக்குள்ளேயே போட்டு, 'இரண்டு மணி' என்று எழுதிவிட்டாள். விடை சரி. ஆனால் தனபாக்கியம் டீச்சர் என்கிற அந்த அம்மாள் ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, 'படிகள் எங்கே?' என்று சிவப்பு மையில் கேட்டிருக்கிறார். படியாம் படி! தொட்டியில் தண்ணீர் ஏறுவதற்குப் படி எதற்கு? சுரங்கத்தில் பம்ப் ஓட்டி நிலத்தடித் தண்ணீரை இறைப்பதே என் பிழைப்பு. எந்தப் பம்பாவது என்னிடம் படி கேட்டதுண்டா?

காலை ஷிப்ட் முடிந்த கையோடு சைக்கிளை மிதித்துப் பள்ளிக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நடக்கட்டுமே என்று உள்ளே நுழைந்தேன்.

“ஆன்சர் சரியாத்தானே இருக்கு? அப்புறம் என்னம்மா படி, மாடின்னுகிட்டு?” என்றேன்.

“சரிதாங்க. ஆனா யோசிச்சுப் போட்டாளா, பக்கத்துப் பேப்பரைப் பாத்துப் போட்டாளான்னு எப்பிடிங்க தெரியும்? திருத்துறவங்க அவ மண்டைக்குள்ள எட்டிப் பாத்துக்கினா இருப்பாங்க?”

என் மகளைப் பார்த்தா இந்தக் கேள்வி! “பம்ப் ஹவுஸ்காரன் பொண்ணும்மா அவ. ரத்தத்துலேயே தண்ணிக் கணக்கு ஓடுது” என்றேன்.

“அப்ப நீங்களே ஒருதரம் போட்டுக் காட்டுங்க” என்று சாக்பீஸை நீட்டினார்.

சாக்பீஸுக்குப் பயப்படுகிற ஆளா நான்? 3+6=9 என்று கரும்பலகை அதிர எழுதினேன். முன்பெஞ்சிலிருந்து ஒரு ரெட்டைப் பின்னல் எழுந்தது. “பெரிய குழாயத் தொறந்தாலே மூணு மணி நேரத்துல ரொம்பிடும்ங்களே சார். ரெண்டையும் தொறந்தா எப்பிடிங்க ஒம்பது ஆவும்?”

வகுப்பே சிரித்தது. விஜயா மட்டும் சிரிக்காமல் பெஞ்சுக்கு அடியில் குனிந்து எதையோ தேடினாள். நான் வெளியே வரும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.

“பிரஷர் குறைஞ்சா ஒம்பதுதான் ஆகும். புத்தகம் படிச்சவங்களுக்கு அது தெரியாது!” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே, ஒன்றுக்கும் உதவாத இந்தக் கணக்கு இனி விஜயாவுக்கு வேண்டாம். பத்து முடித்ததும் டைப்ரைட்டிங்கில் சேர்த்துவிடுகிறேன். அவள் அழுதுவிட்டு என்னோடு பேசாமல் இருக்கிறாள். உங்கள் அக்காளும் அந்தப் பக்கம்தான். 'அத்தான் சொல்வதே சரி' என்று நீங்களாவது அவர்களுக்கு நாலு வரி எழுதவும்.

உங்கள் மனைவிக்கு என் விசாரிப்புகள். உங்கள் குழந்தை நோய்நொடி இல்லாமல், கணக்கு வாத்தியார் ஆகாமல், நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயராமன்

பி.கு.: இதைத் தபாலில் போடாமலே நாலு நாள் ஓடிவிட்டது. ஃபோர்மேன் பதவிக்குப் பரீட்சை வைக்கிறார்களாம். பாதிக்கு மேல் கணக்கு. தனபாக்கியம் டீச்சர் வீட்டுக்குத்தான் டியூஷன் போகிறேன். ஃபீஸ் வேண்டாமாம், விஜயாவைக் கணக்கு குரூப்பில் சேர்த்தால் போதுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். நேற்று எட்டு கணக்கில் ஆறு சரி. உங்கள் அக்காளுக்கு எழுதிவிட வேண்டாம். நான் தினமும் கீரை வாங்கப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.