யாழினி 5.0 ஒப்படைக்கப்பட்ட வைபவம்

நெருப்பைக் கண்டுபிடித்தவன், சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் என்று மனித குலத்துக்கு நன்மை செய்தவர்களின் பட்டியலை யார் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தால் மட்டும் ஆயிற்றா? அதை உரியவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியது யார் என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் இதுவரை கேட்டதில்லை. நெருப்பை யாரோ ஒருவர் முறைப்படி ஒப்படைத்திருப்பார். எதிர்த் தரப்பு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கைநாட்டு வைத்திருக்கும். பெயர் தெரியாத அந்த மகானின் வழியில் வந்தவன் நான்.

என் உத்தியோகம் முதுநிலை ஒப்படைப்பு அதிகாரி. எங்கள் நிறுவனம் ஈக்காட்டுத்தாங்கலில் இருந்துகொண்டு ஹோட்டல்களுக்குத் தொலைபேசி அமைப்பு பொருத்தித் தருகிறது. கம்பி இழுப்பவர்கள் கம்பி இழுப்பார்கள். பெட்டி மாட்டுபவர்கள் பெட்டி மாட்டுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய், நாற்பத்தொரு இனங்கள் கொண்ட ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வருவேன். இருபத்திரண்டு வருடங்களில் நூற்றுப் பதினான்கு ஒப்படைப்புகள். ஒன்றைப் பற்றிக்கூட என்னிடம் புகார் வந்ததில்லை. புகார் வந்த சமயங்களில் நான் வேறு ஹோட்டலில் இருந்தேன்.

நூற்றுப் பதினைந்தாவது, தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கும் ஹோட்டல் செந்தில்வடிவு கிராண்ட். நான்கு மாடி, மாடிக்குப் பதினெட்டாக எழுபத்திரண்டு அறைகள். முதலாளி சண்முகவேல் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளியில் ஆரம்பித்து ஹோட்டலுக்கு உயர்ந்தவர். விஞ்ஞானத்தில் அபார நம்பிக்கை உள்ளவர். நல்ல நேரம் பார்த்துத்தான் விஞ்ஞானத்தைத் தொடுவார்.

அவர் வாங்கியது சாதாரண இன்டர்காம் அல்ல. யாழினி 5.0. செயற்கை நுண்ணறிவு. ஹோட்டலுக்கு யார் போன் செய்தாலும் தானே எடுக்கும், தமிழில் தானே பேசும், கேட்ட அறைக்குத் தானே இணைக்கும். பத்திரத்தின் நாற்பத்தொன்றாவது இனம் இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: 'மேற்படி அமைப்பு இயங்கத் தொடங்கிய நாள் முதல் ஆபரேட்டர் எவரும் தேவைப்படமாட்டார்.' மற்ற நாற்பது இனங்களை முதலாளி இன்றுவரை படித்ததாகத் தெரியவில்லை.

ஆபரேட்டர் எவரும் என்றால் புஷ்பம். ரிசப்ஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், காதில் மாட்டிய கருவியோடு பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. யார் எந்த அறையில் எப்போது காபி கேட்பார், எந்த அறைக்காரர் மனைவியின் போனை எடுக்கமாட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இத்தகைய பிற்போக்கான முறையை எங்கள் நிறுவனம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஒரு மனுஷி நினைவில் வைத்துக்கொண்டிருப்பதை எப்படித் தணிக்கை செய்வது? திங்கட்கிழமை ஒப்படைப்பு என்று முடிவானது. அன்றே புஷ்பத்துக்குக் கடைசி நாள்.

சனிக்கிழமை மாலை எண் ஜோதிடர் வந்தார்.

அவர் முதலாளியின் காதில் ஒன்றுதான் சொன்னார். எந்த அறையின் போன் எண்ணைக் கூட்டினாலும் எட்டு வரக்கூடாது. மேனேஜர் கல்யாணராமன் மயிலாப்பூர்க்காரர், கணக்கில் புலி. அங்கேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். 107, 116, 206, 215, 305, 314, 404, 413. "எட்டு வரது எட்டு ரூம் சார்," என்றார். முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

உடனடியாக உத்தரவு பிறந்தது. அந்த எட்டு எண்களும் ஒழிக்கப்பட்டன. 106-க்கு அடுத்த அறையின் போன் 108 ஆனது, அதற்கடுத்தது 109 ஆனது, இப்படியே தள்ளிக்கொண்டு போய் மாடிக்கு மாடி 20-இல் நின்றது. கதவில் இருக்கும் பித்தளை எண்களை மட்டும் மாற்றவில்லை. போன மாதம்தான் பாலிஷ் போட்டார்களாம். ஆகவே 309-ஆம் அறையில் இருப்பவரின் போன் எண் 310. 309-க்கு அடித்தால் 308-இல் இருப்பவர் எடுப்பார். விருந்தினர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்த நட்சத்திர ஹோட்டலிலும் கிடையாது.

எங்கள் டெக்னீஷியன் மெஹபூப் அலி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பெட்டியில் எண்களை மாற்றினார். ஆனால் யாழினிக்குப் புது எண்களைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். சனி, ஞாயிறுகளில் அங்கே போனை எடுக்க ஆள் கிடையாது. அது தொலைபேசி நிறுவனம்.

திங்கட்கிழமை. ஒன்பது மணி வரை ராகு காலம். அதுவரை ஸ்விட்சைத் தொடவே கூடாது என்று கல்யாணராமன் காவல் நின்றார். "ராகு காலத்துல சோதனை பண்ணிப் பார்த்துட்டு நல்ல நேரத்துல ஒப்படைச்சா, எதை ஒப்படைச்சதா கணக்கு ஓய்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் பொறியியல் பிரிவில் இன்றுவரை பதில் இல்லை. ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம். பத்தரைக்கு எமகண்டம். இடையில் கையெழுத்து விழவில்லை என்றால் அடுத்த நல்ல நாள் பதினோரு நாள் கழித்து. அதற்குள் என் இடத்தில் வேறொரு முதுநிலை ஒப்படைப்பு அதிகாரி இருப்பார் என்று எங்கள் டைரக்டர் முன்கூட்டியே அன்போடு தெரிவித்திருந்தார்.

ஒன்பது ஐந்துக்கு, இரண்டாவது மாடி லினன் ரூமில், போர்வை அடுக்குகளுக்கு நடுவே வாஸ்துப்படி மாட்டப்பட்டிருந்த பெட்டியை உயிர்ப்பித்து, மெஹபூப் அலியும் நானும் ரகசியமாக ஒரு போன் போட்டுப் பார்த்தோம். யாழினி தேனாகப் பேசினாள். 309-ஐக் கேட்டேன். 308-இல் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு வந்து எடுத்து, என் பெற்றோரைப் பற்றி விசாரித்தார்.

மெஹபூப் அலி பெட்டியைப் பார்த்தார். நான் மெஹபூப் அலியைப் பார்த்தேன். வாசலில் புஷ்பம் கைப்பையோடு நின்றிருந்தார். தன் சாமான்களை எடுத்துக்கொள்ளப் பழைய துணிப்பை ஒன்று கேட்டு வந்தவர்.

"அந்தக் கொரல அமுக்கி வை பாய். அது மாதிரி நான் பேசறேன்," என்றார்.

"நம்பரெல்லாம் மாறிடுச்சும்மா," என்றேன்.

"தெர்யும் சார். மூணாவது மாடில நாலு ரூம் வரிக்கும் அப்டியே கீது. அஞ்சுலேர்ந்து ஒண்ணு கூட்டிக்கோ. பதிமூணுலேர்ந்து ரெண்டு. மாடிக்கு மாடி ஒரு ரூம் தள்ளும். இன்னா பெரிய கணக்கு இது?"

சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. என்னையே பார்த்தார்.

"நான் பேசிட்டா, என் வேல இன்னா ஆவும்?"

வேலை போகாது, நான் பொறுப்பு என்றேன். எழுதிக் கொடு என்றார். சோதனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில், 'புஷ்பம் இந்த ஹோட்டலில் தொடர்ந்து பணிபுரிவார்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அதை நான்காக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, தலையணை உறை மூட்டையின் மேல் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டினார்.

ஒன்பது இருபதுக்குக் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. கல்யாணராமன் போனுக்குச் சந்தனம் வைத்தார். முதலாளி வரவேற்பறையில் நின்று ஸ்பீக்கரைப் போட்டு எண்ணை அமுக்கினார்.

"வணக்கம். செந்தில்வடிவு கிராண்ட் தங்களை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறது," என்றது யாழினி. முதலாளிக்குக் காட்டுவதற்காகப் பதினைந்து நாளாகப் புஷ்பத்தின் பக்கத்து அறையில் ஓட விட்ட குரல். புஷ்பம் அதை ஏற்ற இறக்கத்தோடு பிடித்து வைத்திருந்தார்.

முதலாளி 406-இல் தங்கியிருக்கும் தம் சம்பந்தியைக் கேட்டார்.

"மன்னிக்கவும். தங்கள் சம்பந்தி இட்லி சாப்பிடக் கீழே இறங்கிவிட்டார். உணவகத்தில் இணைக்கட்டுமா?"

கூடியிருந்த ஊழியர்களிடமிருந்து ஓர் 'ஆஹா' எழுந்தது. முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. தன்னைத் தெரியுமா என்று கேட்டார். "தாங்கள் உரிமையாளர் சண்முகவேல் ஐயா. காலையில் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்றது யாழினி. முதலாளி சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். மாத்திரை அப்படியே இருந்தது. வீட்டில் தன் சம்சாரம்கூட இப்படிக் கேட்டதில்லை என்று கண் கலங்கினார். விஞ்ஞானம் மனித மனத்தை இவ்வளவு ஆழமாகத் தொட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த நெகிழ்ச்சியில் முதலாளி யாழினியிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்.

"ஒனக்கு முன்னாடி இங்க ஒரு பொம்பள இருந்துச்சு தாயி. பத்தொம்போது வருசம். என்ன பிரயோசனம்? ஒருநாளாவது என்னைய இப்படி விசாரிச்சிருக்கும்ங்கியா? அதான் இன்னையோட போகச் சொல்லிட்டேன்."

அந்த ஹோட்டலில் ஆபரேட்டர் முதலாளியிடம் தானாக எதுவும் கேட்கக் கூடாது என்று பத்தொன்பது வருடமாகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

"தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது," என்றது யாழினி.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு முதலாளி நாற்பத்தொரு இனங்களுக்கும் கையெழுத்திட்டார். 'பொறுப்புடன் ஒப்படைத்தவர்' என்ற இடத்தில் நான் இட்டேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேனா என்று வாசகர்கள் கேட்கலாம். காப்பாற்றினேன். ஆபரேட்டர் என்ற பதவியே ஒழிந்துவிட்ட ஹோட்டலில் புஷ்பத்தை எந்தப் பெயரில் வைத்துக்கொள்வது என்பது சாதாரண மூளைக்கு எட்டாத சிக்கல். நான் உதிரிபாகங்கள் பட்டியலை எடுத்து, ஃபியூஸ் நான்கு, கம்பி முப்பது மீட்டர் என்பதற்குக் கீழே, 'குரல் பாகம், ஒன்று' என்று சேர்த்தேன். கேரண்டி ஒரு வருடம். அவர் சம்பளம் அந்தப் பாகத்தின் பராமரிப்புச் செலவில் எங்கள் கணக்கில் ஏறியது.

புதன்கிழமை பெங்களூரிலிருந்து புது எண்களைக் கற்ற உண்மையான யாழினி வந்து சேர்ந்தாள். ஒரு மணி நேரம் ஓட விட்டோம். கருவிக்குத் திடீரென்று புத்தி மழுங்கிவிட்டது, பழையபடி ஆக்கு என்று முதலாளியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பழையபடி ஆக்கினோம்.

அதன் பிறகு யாழினியின் புகழ் பரவியதைச் சொல்லி முடியாது. அடையாறிலிருந்தும் பெருங்குடியிலிருந்தும் ஹோட்டல்காரர்கள் வந்து பேசிப் பார்த்தார்கள். "அலுப்பே கெடையாது, நாள் பூரா பேசிண்டே இருக்கா, ஒரு வாய் ஜலம் கேக்கமாட்டா," என்று கல்யாணராமன் எல்லோரிடமும் பெருமைப்பட்டார். புஷ்பம் சலவைக்காரர்களோடு பின்படி வழியாக ஏறி, அதே வழியில் இறங்கினார். மதியம் சாப்பிடும் அரை மணிக்கு 'கருவி பராமரிப்பு' என்று அறிவிப்பு வைத்தோம். லினன் ரூமில் ஏ.சி. உண்டு. கருவி சூடாகக் கூடாது என்று காற்றைப் பெட்டியின் பக்கம் திருப்பியிருக்கிறது. ஐப்பசியில் அவருக்கு நான்கு நாள் காய்ச்சல். குரல் கரகரக்கிறதே என்று ஹோட்டலில் கேட்டார்கள். மழையில் கம்பி நனைந்துவிட்டது என்று எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தேன். லீவு என்று ஒன்று கேட்டார். உதிரிபாகத்துக்கு லீவு கொடுக்கும் வழக்கம் எங்கள் நிறுவனத்தில் இல்லை. பி.எஃப். பற்றியும் கேட்டார். ஃபியூஸுக்குப் பிடிக்கிறோமா என்ன?

போன வாரம் கேரண்டி முடிந்தது. மறுநாளே முதலாளி என்னைக் கூப்பிட்டார். யாழினி 6.0 வந்திருக்கிறதாமே, பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளலாமா என்றார். இது நன்றாகத்தானே ஓடுகிறது என்று நான் முதன்முறையாக என் தொழிலுக்கு விரோதமாகப் பேசினேன். "நல்லாத்தாம்யா இருக்கு. ஆனா பழசுல்லா," என்றார்.

பரிமாற்றப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். 'பழைய பாகங்கள் அனைத்தும் கழற்றி அப்புறப்படுத்தப்படும்' என்று அதில் முன்னமே அச்சடித்திருக்கிறது. நேரில் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை. ஈக்காட்டுத்தாங்கலில் என் நாற்காலியில் இருந்தபடியே ஹோட்டலுக்குப் போன் போட்டேன்.

"வணக்கம். செந்தில்வடிவு கிராண்ட் தங்களை வரவேற்பதில்..."

"புஷ்பம்மா, நான்தான்." விஷயத்தைச் சொன்னேன். படிவத்தைப் படித்தும் காட்டினேன்.

"எழுதிக் குடுத்தியே சார்," என்றார். "பர்சுலதான் கீது."

அந்தக் காகிதத்தில் ஹோட்டல் முத்திரை இல்லை, அது செல்லுமா என்பது சந்தேகம், இருந்தாலும் புஷ்பத்துக்கு வேறு ஏதாவது வழி பார்க்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். முடிப்பதற்குள் தேனாக, ஒரு பிசிறு இல்லாமல் அந்தக் குரல் வந்தது.

"மன்னிக்கவும். புஷ்பம் என்ற பெயரில் இந்த ஹோட்டலில் யாரும் பணிபுரியவில்லை. மேல் விவரங்களுக்குப் பத்திரத்தின் அடியில், 'பொறுப்புடன் ஒப்படைத்தவர்' என்று கையெழுத்துப் போட்டிருப்பவரை அணுகவும்."