குழந்தைவேல் குடிவைத்த பேய்

குழந்தைவேல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த மலையூரை விட்டுக் கிளம்பியே ஆக வேண்டும். அதுவும், "கெளம்பலாங்க" என்று லீலாவதியே வாய்விட்டுச் சொல்லிக் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது பாதிதான் கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனதில் நினைத்ததை லீலாவதி வாயால் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் குழந்தைவேல். வீடு, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற ரோட்டின் மேலேயே இருந்தது. காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். லீலாவதிக்குப் பல வருஷமாக இருமல். பெரம்பலூர் டாக்டர் பார்த்தார், திருச்சி டாக்டர் பார்த்தார். கீழப்பழுவூரிலிருந்து அவள் அண்ணன் மூட்டை மூட்டையாக ஆடாதொடை இலை கொண்டுவந்து போட்டார். இருமல் யாரையும் மதிக்கவில்லை.

மகள் நந்தினி பல்கேரியா நாட்டில், சோபியா நகரத்தில் வேலையில் இருந்தாள். அவள்தான் போனில் ஆரம்பித்தாள்.

"அப்பா, அக்கினி வெயில்ல அங்க கெடந்து வேவாதீங்க. இங்க மலைமேல ஸ்லாவினான்னு ஒரு சின்ன ஊரு. டூரிஸ்ட்டு யாருக்கும் தெரியாது. ஊட்டியில சீசனுக்கு ரூம் எடுக்கற காசுல இங்க கோடை முழுக்க ஒரு வூட்டையே எடுத்துடலாம்."

ஐரோப்பா என்றதும் குழந்தைவேல் குப்புற விழுந்தார். டீக்கடையில் ஒருவர் விடாமல் சொன்னார். கேட்காதவர்களையும் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்.

வந்து இறங்கிய அன்றே அவருக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. கல் பாவிய சந்துகள். கீழே கல், மேலே மரம் என்று கட்டிய வீடுகள். மாடிகள் முன்னால் துருத்திக்கொண்டு, எதிர்வீட்டு மாடியின் காதில் ரகசியம் சொல்வதுபோல் சாய்ந்திருந்தன. பாதி வீடுகளில் பூட்டு. சாயங்காலம் என்ற ஒன்று அங்கே முடியவே மாட்டேன் என்றது. ஒன்பது மணிக்கும் வெளிச்சம். அது வெயிலும் இல்லை, நிலவும் இல்லை. தண்ணீர் கலந்த பாலின் நிறம். அந்த வெளிச்சத்தில் ஓர் ஆள் நடமாட்டம் இராது. மாடுகள் மட்டும் மேய்ப்பவன் இல்லாமல் தாமாக மணியாட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றும் ஒரு கதவின் முன்னால் நின்று, அது திறக்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

சந்துமுனையில் ஒரு கல்மாடத்திலிருந்து தண்ணீர் இடைவிடாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. அரியலூர்க்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. தடவித் தடவித் தேடினார். மூடுவதற்குத் திருகே இல்லை.

"யாருக்காக லீலா இது இப்படிக் கொட்டுது?"

"தாகம் எடுக்கறவங்களுக்கு."

"தெருவுல ஒருத்தரும் இல்லியே. அப்ப யாருக்குத் தாகம்?"

லீலாவதி குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தாள்.

எல்லாவற்றையும்விட மோசம், முகங்கள். கதவுகளில், மரங்களில், மின்கம்பங்களில், சின்னச் சின்னத் தாள்களில் முகங்கள்.

"எலெக்‌ஷன் போலருக்கு. எத்தனை கட்சி பாரு!"

"கண்ணீர் அஞ்சலிங்க. நம்ம ஊருல போஸ்டர் ஒட்டல? அதேதான். இங்க வருசா வருசம் புதுசா ஒட்டுவாங்களாம், நந்தினி சொன்னா."

அவர்கள் குடியேறிய வீட்டுக் கதவிலும் ஒரு முகம் இருந்தது. தொப்பி வைத்த கிழவர். கனத்த மீசை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, ஏதோ சொல்ல வந்து வேண்டாமென்று விட்டவர்போல் பார்த்தார். வெளியே போய்விட்டு வந்தால் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

வீட்டுக்கு உரிமையாளர் பாபா ராட்கா, பின்கட்டில் இருக்கிறார் என்று நந்தினி சொல்லியிருந்தாள். பாபா என்றதும் குழந்தைவேல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு பயபக்தியோடு காத்திருந்தார். தலையில் துணி கட்டிய ஓர் அம்மாள் ஆட்டுப்பால் செம்போடு வந்தாள். பாபா என்றால் அங்கே வயதான பெண்மணியாம்.

"நம்ம ஊரு பாபாவுக்குத் தாடி, இந்த ஊரு பாபாவுக்குப் பாவாடை!" என்றார் குழந்தைவேல். அதைக் கேட்டுச் சிரிக்க அந்த மலையில் ஓர் ஆள் இல்லை. அதுதான் அவருடைய துயரம்.

லீலாவதிக்கு அந்தக் குறை இல்லை. ராட்கா பல்கேரிய மொழியில் பேசினாள். லீலாவதி அரியலூர்த் தமிழில் பேசினாள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாததால் சண்டையே வரவில்லை. தயிர் உறைய வைத்தார்கள், பிளம் பழம் காய வைத்தார்கள், மேட்டிலேறி ஏதோ இலை பறித்தார்கள்.

குழந்தைவேலுக்கு டீக்கடை இல்லை, பேப்பர் இல்லை, பேச ஆள் இல்லை. அதற்கும் மேல் ஒன்று இருந்தது.

"இந்த வூட்டுல என்னமோ ஒண்ணு கொறையுது லீலா. படுத்தா தூக்கம் வரல. காது ரெண்டும் எதையோ தேடிக்கிட்டே கெடக்குது."

லீலாவதி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவர் அரியலூருக்குப் போன் போட்டார். டீக்கடைச் சிநேகிதன் ராஜவேல் எடுத்தான்.

"அண்ணே, வெரி சிம்பிள். அந்த வூட்டுல பேய் இருக்குன்னு சொல்லுங்க. மறுநாளே அண்ணி பொட்டி கட்டிடுவாங்க."

"யோசனை நல்லாருக்கே. உன் வூட்ல பலிச்சுதா?"

"எனக்கு எங்கண்ணே கல்யாணம் ஆச்சு?"

அங்கேயே குழந்தைவேல் நிதானித்திருக்க வேண்டும். நிதானிக்கவில்லை.

வீட்டின் கீழ்த்தளம் பழைய மாட்டுக்கொட்டகை. விட்டத்தில் ஒரு கனத்த மணி தொங்கியது. அதில் நூல் கட்டி, மாடிப் பலகை இடுக்கு வழியாக மேலே இழுத்துக்கொண்டார். லீலாவதி வெங்காயம் நறுக்கும்போது ஓர் இழுப்பு.

"மணி அடிச்சுதே, கேட்டியா?"

"மாடா இருக்கும்."

"கீழ மாடே இல்ல!"

"அப்ப காத்து."

மறுநாள் மாடி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார்.

"இது தானா திரும்பியிருக்கு லீலா!"

"செவுத்தைப் பார்த்து ஒக்காந்தா மனசுக்கு அமைதியா இருக்கும். நீங்களும் ஒக்காருங்க."

வேறு வழியில்லை. குழந்தைவேல் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். கதவுல ஒட்டியிருக்காரே, அவரை மாடிப்படியில பார்த்தேன்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. லீலாவதி நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"தொப்பி வெச்சிருந்தாரா?"

"வெ... வெச்சிருந்தாரு."

"பாவம். பசியா இருப்பாரு."

அன்று மத்தியானம் மேசையில் மூன்று தட்டு. மூன்றாவது தட்டில் சாதம், பருப்பு, ஓரத்தில் ஊறுகாய். காலி நாற்காலியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்டாள். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அரைக் கரண்டி போட்டாள்.

குழந்தைவேல் தன் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தான் சொன்ன பொய், தன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறது.

அதற்குப்பின் லீலாவதி, கிழவர் சொன்னதாகச் செய்தி சொல்ல ஆரம்பித்தாள். காலைக் காப்பியை ஆம்பளை கையால் போட்டால்தான் அவருக்குப் பிடிக்குமாம். கொட்டகையில் கிடக்கிற விறகையெல்லாம் அடுக்கி வைக்க வேண்டுமாம்.

"சத்தமும் ஆவாதாம் அவருக்கு. நீங்க ரொம்பப் பேசறீங்களாம்."

"நான் பேசறது தமிழு. அவருக்கு எப்படிப் புரியும்?"

"செத்தப்புறம் பாஷை ஏதுங்க?"

குழந்தைவேல் காப்பி போட்டார். விறகு அடுக்கினார். வாயை மூடிக்கொண்டார். மூடிய வாயோடு இருந்தபோதுதான் அந்த வீட்டின் மற்ற சத்தங்கள் அவருக்குக் கேட்டன. பலகை தானாக முனகியது. சுவருக்குள் எதுவோ மெல்ல உரசியது.

பயம் வந்ததும் அவர் முதல் வேலையாக மணியிலிருந்த நூலை அறுத்தார். சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இருவரும் மாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே மணி அடித்தது.

ஒரே ஒரு தடவை. நிதானமாக.

குழந்தைவேலின் கை பைக்குப் போனது. நூல் பைக்குள்ளேயே இருந்தது. லீலாவதியின் இரண்டு கைகளும் டம்ளர்மேல் இருந்தன.

"வந்துட்டாரு," என்றாள் அவள், பால்காரரைச் சொல்வதுபோல.

குழந்தைவேல் பின்கட்டுக்கு ஓடினார். ராட்கா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். மணியடிப்பதுபோலக் கையை ஆட்டிக் காட்டி, அவளைச் சுட்டிக் காட்டி, "நீங்களா? நீங்க அடிச்சீங்களா?" என்று கேட்டார். ராட்கா தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

அவள் இல்லை. அப்படியானால்... தொப்பி வைத்துக் காட்டினார், மீசை முறுக்கிக் காட்டினார், வீட்டைக் காட்டி, இரண்டு விரலால் மாடிப்படி ஏறிக் காட்டினார். "உள்ள வராரா? அவரு?"

ராட்கா அழுத்தமாக, மேலும் கீழும் தலையை ஆட்டினாள்.

அன்று ராத்திரி குழந்தைவேல் விளக்கை அணைக்க விடவில்லை.

அதற்கு மறுநாள் மத்தியானம் மலையிலிருந்து மேகம் இறங்கியது. அங்கே அது ஒரு விருந்தாளிபோல வரும். சந்துமுனையில் நின்று, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வரும். எதிர்வீடு மறைந்தது. கல்மாடம் மறைந்தது, தண்ணீர்ச் சத்தம் மட்டும் மறையவில்லை. லீலாவதி இலை பறிக்கப் போயிருந்தாள்.

குழந்தைவேல் கொட்டகையில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே பலகை அதிர்ந்தது. ஒரு காலடி. இன்னொன்று. நாற்காலி இழுபடும் சத்தம்.

"லீலா?"

பதில் இல்லை. கடைசியில் விறகுக்கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மாடியில் யாரும் இல்லை. நாற்காலி சுவரை விட்டுத் திரும்பி, படியைப் பார்த்து, சரியாக அவரைப் பார்த்து நின்றது. அதன்மேல் ஒரு கறுப்புத் தொப்பி. புகையிலை வாசம் அடித்தது.

கீழே மணி அடித்தது.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வெளியே பாய்ந்து கதவைச் சாத்தியபோது, மூக்குக்கு மூன்று அங்குலத்தில் அந்த முகம் இருந்தது. அப்படியே தரையில் விழுந்தார்.

"ஐயா! தெரியாம செஞ்சுட்டேன்! நான் ஒங்களைப் பார்க்கவே இல்ல. மொத மணி நான் அடிச்சது. நாற்காலி நான் திருப்பினது. எல்லாம் ஊருக்குப் போவணும்னு சொன்ன பொய்யி! ராஜவேலு பேச்சைக் கேட்டுக் கெட்டேன். என்னை விட்டுருங்க. லீலாவதியை ஒண்ணும் செஞ்சுடாதீங்க, அவ பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது..."

"எனக்கு ஒண்ணும் தெரியாதா?"

மேகத்துக்குள்ளிருந்து லீலாவதி வந்தாள். கொட்டகைப் பக்கமிருந்து ராட்கா வந்தாள். குழந்தைவேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பலகை இடுக்குல நூலு தொங்குனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? மத்ததெல்லாம் இவங்கதான், நந்தினியை போன்ல பேச வெச்சு ஏற்பாடு பண்ணினேன். மேல நடந்துட்டு பின்படியால எறங்கி மணியடிச்சாங்க. கதவுல இருக்கறது இவங்க வூட்டுக்காரரு. தொப்பி அவரோடதுதான். உசிரோட இருந்தப்பவே ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசமாட்டாராம். அவரா ஒங்ககிட்ட வந்து காப்பி கேக்கப்போறாரு?"

"நான் இந்தம்மாகிட்ட கேட்டேனே! இல்லன்னு தலையாட்டினாங்களே!"

"இந்த ஊருல ஆமான்னா இப்படி," என்று லீலாவதி தலையை இடமும் வலமும் ஆட்டினாள். "இல்லன்னா இப்படி," என்று மேலும் கீழும் ஆட்டினாள். "அவங்க உண்மையைத்தான் சொன்னாங்க."

ராட்கா கதவிலிருந்த முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். குழந்தைவேலுக்குக் கோபம் வர வேண்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது வரவில்லை.

ராட்கா தொப்பியை எடுத்துக்கொண்டு போனபின், லீலாவதி வாசல் கல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வூட்டுல என்னமோ கொறையுதுன்னீங்களே. என்னன்னு தெரிஞ்சுதா?"

"தெரியல."

"இங்க வந்து நான் ஒரு தடவை இருமினேனா?"

குழந்தைவேல் யோசித்தார். தண்ணீர் கொட்டும் சத்தம். தூரத்தில் ஒரு மாட்டு மணி. பக்கத்தில் லீலாவதி மூச்சை இழுத்து விட்டாள். அது தடுக்காமல் போய், தடுக்காமல் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்துக் கட்டிலில் அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு, அது நின்றதைக்கூட அறியாமல், நின்றதற்கே பயந்துகொண்டு கிடந்திருக்கிறார். அவருக்குக் கண் கலங்கியது.

"லீலா, ஊராவது ஒண்ணாவது. செப்டம்பர் வரைக்கும் இங்கயே இருப்போம்."

"வந்த மொத வாரமே நந்தினிகிட்ட சொல்லிட்டேங்க. செப்டம்பர் கடைசி வரைக்கும்."

"நல்லதாப் போச்சு!"

"எனக்கு மட்டும்."

"அப்ப எனக்கு?"

"நீங்க ஊரு ஊருன்னு ஏங்குறதைப் பார்க்க முடியலன்னு ஒங்க டிக்கெட்டை மட்டும் முன்னாடி போடச் சொல்லிட்டேன். அதைச் சொல்லலாம்னுதான் அன்னைக்கு வெங்காயம் நறுக்கிக்கிட்டே வாயைத் தொறந்தேன். நீங்க மணியை ஆட்டினீங்க. சரி, எதுவரைக்கும் போறீங்கன்னு பார்ப்போம்னு விட்டுட்டேன்."

குழந்தைவேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை மாத்திடச் சொல்லு லீலா. நான் பேசாம, ஒரு மூலையில கெடந்துக்கறேன்."

லீலாவதி அவர் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

"வியாழக்கிழமை நீங்க கெளம்புறீங்க, வெள்ளிக்கிழமை ராட்காவோட தங்கச்சி வராங்க, ஒங்க கட்டிலை அவங்களுக்குக் குடுத்துட்டேன்."