கடைசிவிலை அண்ணையின் வெள்ளிக்கிழமைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் விற்பனைக்கு வந்த ஒவ்வொரு பழைய சாமானையும், அதைச் செய்த கொம்பனிக்காரனைவிட நன்றாக அறிந்த மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் கடைசிவிலை அண்ணை. அவற்றில் ஒன்றைக்கூட அவர் வாங்கி எவரும் கண்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருடைய பெருமை முழுமையாகும்.

சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் பக்கத்துச் சனம் பழைய சாமான் வாங்கி விற்கும் இணையக் குழுவில், முகம் இருக்கவேண்டிய இடத்தில் வீட்டு வாசலின் பூட்டிய தகரப் படலை ஒன்றின் படத்தை வைத்திருப்பார். பல விளம்பரங்களுக்கு, போட்ட மறுநிமிடமே அந்தப் படலைக்குப் பின்னாலிருந்து "கடைசி விலை?" என்று வரும். சிலவேளை சாமானின் படம் ஏறுவதற்கு முன்னரே வந்துவிடும். ஒருமுறை ஒருவர் கை தவறித் தன் கலியாணப் படத்தை அந்தக் குழுவில் போட்டுவிட்டார். அதற்கும் "கடைசி விலை?" மாப்பிள்ளை வீட்டார் கொதித்துப் போனார்கள். பெண் வீட்டாரோ, "சீதனம் பேசேக்கை நாங்களும் இதைத்தானே கேட்டனாங்கள்" என்று சொன்னதாகக் கேள்வி.

ஐம்பதாயிரம் என்று போட்டால் பத்து என்பார். பத்து என்று போட்டால், "சும்மா தாற எண்ணம் ஏதும் இருக்கோ?" என்பார். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேள்விகளைத்தான் பொறுக்க முடியாது. கோப்பாயில் ஒருவர் ஆடு விற்கப் போட்டபோது, "ஆடு வீட்டிலை ஆர் சொல்லுறதைக் கேக்கும்?" என்று கேட்டார். கிணற்றுத் தண்ணி இறைக்கும் பம் ஒன்றுக்கு, "வாங்கினது மாரியிலையோ கோடையிலையோ?" இன்னொருவர் அலுமாரி விற்கப் போட்டார். "கதவு திறக்கேக்கை சத்தம் வருமோ? வந்தால் ரெக்கோட் பண்ணி அனுப்பிவிடுங்கோ."

அந்த மனிதரும் மினக்கெட்டு ரெக்கோட் பண்ணி அனுப்பினார். பதில் இப்படி வந்தது: "இது கதவின்ரை சத்தமில்லை, நிலத்தின்ரை. ஒரு பக்கம் பதிஞ்சிருக்கு. வீட்டின்ரை கடைசி விலை?"

குழுவே சிரித்தது. மேசன் ஒருவரைக் கூப்பிட்டு மட்டம் வைத்துப் பார்த்தபோது நிலம் உண்மையிலேயே ஒரு விரற்கடை பதிந்திருந்தது! அன்றிலிருந்து அவரைத் திட்டுகிறவர்களும் கொஞ்சம் மரியாதையாகவே திட்டினார்கள்.

இந்த மகானிடம் நான் அகப்பட்டது ஒரு கலியாணத்தால். பல்கலைக்கழகம் முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் கொக்குவிலில் வீட்டுக்குள் சுழன்றுகொண்டிருந்த நேரம். என் சிநேகிதி கௌசிக்குக் கோப்பாயில் கலியாணம் நிச்சயமானது. "படம் நீதான் எடுக்கிறாய். ஸ்ரூடியோக்காரரை வேண்டாமெண்டிட்டன்" என்றாள். நானும் வீராப்பாக "ஓம்" என்றுவிட்டேன். என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: கமரா. கலியாணத்துக்கு நாலு கிழமை இருந்தது. கனடா மாமா முன்பொருநாள் கொண்டுவந்து தந்த இசைக் கீபோட்டை விற்றால் பாதிக் காசு சேரும். மீதியை ரியூசன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்து வைத்திருந்தேன். நாற்பத்தெட்டாயிரம் என்று விளம்பரம் போட்டேன். அது ஒரு வெள்ளிக்கிழமை காலை.

"கடைசி விலை?"

"நாற்பத்தஞ்சு, அண்ணை."

"அறுபத்தொரு கட்டையும் வேலை செய்யுதோ? ஒவ்வொண்டா அமத்தி வீடியோ அனுப்புங்கோ, தங்கச்சி."

அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: "முப்பத்தேழாவது கட்டை பிந்திக் கதைக்குது."

ஓடிப்போய் அமத்திப் பார்த்தேன். பிந்தித்தான் கதைத்தது! ஆறு வருடம் வாசித்த எனக்கு அது தெரியாது. என் வாசிப்பில் ஏதோ சரியில்லை என்று ஆறு வருடமும் என்னைத்தான் நொந்துகொண்டிருந்தேன்.

"எத்தினை பேர் வாசிச்சவை?"

"நான் மட்டுந்தான்."

"நல்லா வாசிப்பியளோ?"

"சுமார்."

"அப்ப கட்டை தேய்ஞ்சிராது. ஆனால் கெட்ட பழக்கம் பழகியிருக்கும். பன்னிரண்டு தாறன்."

அடுத்த வெள்ளி மீண்டும் வந்தார். மாமா அதை விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாரா, பொதியில் போட்டாரா என்று கேட்டார். மூன்றாம் வெள்ளியும் வந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. குழுவில் பின்னோக்கிப் போய் அவருடைய பழைய கேள்விகளை எல்லாம் தேடிப் பார்த்தேன். ஆடு, பம், அலுமாரி, கலியாணம் எல்லாமே வெள்ளி!

வெள்ளிக்கிழமையில் எங்கள் வீடுகளிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகாது. இலட்சுமி கூடவே போய்விடுவாள் என்று பயம். ஆகவே அன்றைக்கு எவ்வளவு பேரம் பேசினாலும், "சரி, கொண்டுபோங்கோ" என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை. வாங்கும் ஆபத்து சிறிதும் இல்லாமல் நாள் முழுக்க விலை கேட்கலாம். என்ன ஒரு ஏற்பாடு! பிறகு, பார்த்துவிடுவோம் என்று எழுதினேன்: "சரி அண்ணை. பன்னிரண்டாயிரம். இண்டைக்கே வந்து எடுங்கோ."

அவர் ஏதோ எழுதுவதாகவும் அழிப்பதாகவும் போன் காட்டிக்கொண்டே இருந்தது. கால் மணித்தியாலம் கழித்து வந்தது: "வெள்ளிக்கிழமையிலை சாமான் குடுக்கிற வீடோ, தங்கச்சி? வீட்டிலை அம்மா இல்லையோ?"

பின்னால் நின்று எட்டிப் பார்த்த அம்மா, "ஆரடி உவர்? சரியாத்தானே கேக்கிறார்" என்றுவிட்டுக் கீபோட்டைத் தூக்கி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் கோப்பாயில் சங்கீதம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் வந்தார். முப்பத்தேழாவது கட்டையைப் பற்றி நானே முந்திக்கொண்டு சொன்னேன். "உவ்வளவு விபரமாச் சொல்லுறியள். அப்ப மற்றதெல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று நாற்பதாயிரத்துக்கு வாங்கிக்கொண்டு போனார். கடைசிவிலை அண்ணை தனக்குத் தெரியாமலே எனக்கு வியாபாரம் பார்த்திருக்கிறார்!

காசு கையில் வந்தபோது கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பருத்தித்துறையில் ஒரு தம்பி, லென்சோடு கமரா, ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் என்று போட்டிருந்தான். என்னிடம் இருந்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது பிழையான கமராவாகப் போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. கௌசிக்குப் படமும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். உலகத்தில் உதவக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். புதன்கிழமை அவருக்கு எழுதினேன்.

"தங்கச்சி, இண்டைக்குப் புதன்" என்று பதில் வந்தது.

"தெரியும் அண்ணை. நாளைக்கு என்னோடை பருத்தித்துறைக்கு வாங்கோ. நீங்கள் வாங்கத் தேவையில்லை. கேட்டாக் காணும்."

கனநேரம் கழித்து எழுதினார்: "கறுப்புக் குடையோடை பஸ் ஸ்ராண்டிலை நிப்பன்."

ஆறடி உயரமும் இடிக்குரலுமாக ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். கழுத்துவரை பொத்தான் பூட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்த மனிதர் குடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராம். அதைச் சொல்லவே வெட்கப்பட்டார். பஸ்ஸில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் பக்கத்தில் இருந்தும் "ம்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. கமராத் தம்பி தேத்தண்ணியும் தட்டைவடையும் கொண்டுவந்து வைத்து, "இவர் அப்பாவோ, அக்கா?" என்று கேட்டான். அண்ணை சிவந்துபோய் வடையைத் தேத்தண்ணிக்குள் அமிழ்த்தினார். கடித்தால் சத்தம் வரும் என்ற கூச்சம். நான் கமராவைக் கையில் எடுத்தேன். பளபளப்பாக இருந்தது. அண்ணையைப் பார்த்தேன். அவர் மடியில் வைத்துப் போனை நோண்டிக்கொண்டிருந்தார். சரி, என் காசு போச்சு.

தம்பியின் போன் கிணுங்கியது. எடுத்துப் பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, உவன் ஒரு விசரன்! கடைசி விலையாம். போன மாசம் என்ரை மீன்தொட்டி விளம்பரத்துக்கு, மீன் ஏன் எப்பவும் இடப்பக்கமாச் சுத்துது எண்டு கேட்டவன்."

"ஏன் சுத்தினது?"

"அதுக்கு வலக்கண் தெரியாது, அக்கா. அவன் கேட்டாப்பிறகுதான் கண்டனாங்கள்."

ஒரு முழம் தள்ளி இருந்த 'விசரன்' ஊறிய வடையை மென்றுகொண்டிருந்தார். போன் மீண்டும் கிணுங்கியது. தம்பி உரத்து வாசித்தான்: "'கமரா வைச்ச அலுமாரியிலை உடுப்பு மணக்குமோ?' பாருங்கோ அக்கா, கேள்வியை!" ஆனாலும் எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து ஒரு சட்டையை மோந்து பார்த்தான். "ம்ம்... ஈர மணம் கொஞ்சம் இருக்குத்தான்."

அடுத்த கேள்வி: "ரோச் லைற் இருக்கோ? லென்சுக்குப் பின்னாலை அடிச்சு முன்னாலை பாருங்கோ."

அவனே ரோச்சை அடித்தான், அவனே குனிந்து பார்த்தான். கண்ணாடிக்குள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. "ஐயோ அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது!" அவன் முகம் செத்துப்போனது. பிறகு வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. எடுத்தோம். ஒரு புள்ளிகூட இல்லை. லென்ஸ்தான் பழுது, கமரா சுத்தம்.

கடைசியாக ஒரு கிணுக்கம். தம்பி துள்ளி எழும்பினான். "லென்ஸ் இல்லாமல் கமரா மட்டும் இருவதாயிரத்துக்குத் தரட்டாம்! உவனுக்குக் குடுக்கிறதைவிடக் கடலிலை எறியலாம். எழுவதெண்டாலும் பெறுமதியானது, அக்கா."

"நான் அறுபத்தஞ்சு தரட்டோ?" என்றேன்.

"உங்களைப்போல மனுசருக்குத்தான் அக்கா குடுக்கவேணும்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. அண்ணை தலை நிமிரவேயில்லை. ஒரு சொல் பேசாமல், இருந்த இடத்திலிருந்து அசையாமல், பழுதைக் கண்டுபிடித்து, விலையை இறக்கி, விற்றவனையும் சந்தோசப்படுத்திய அந்த வித்தையைப் பார்த்தபோது எனக்கு எழும்பி நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன்: "ஏன் அண்ணை நேரிலை ஒண்டும் கதைக்கேல்லை?"

அவர் போனை எடுத்தார். பக்கத்திலேயே இருந்துகொண்டு எனக்கு எழுதி அனுப்பினார்: "முகத்தைப் பாத்தால் பாவமாக் கிடக்கும். சொன்ன விலையைக் குடுத்திட்டு வந்திடுவன். வீட்டிலை ஏற்கெனவே மூண்டு தையல் மெசின் நிக்குது. எனக்குத் தைக்கத் தெரியாது."

பட்டணத்தில் தெரிந்த படப்பிடிப்பாளர் ஒருவரிடம் லென்சை வாடகைக்கு எடுத்தேன். கலியாணத்தன்று காலை மண்டபத்து வாசலில் இறங்கும்போதே போன் கிணுங்கத் தொடங்கிவிட்டது. "பற்றரி எத்தினை கொண்டுபோறியள்? மணவறைக்குப் பின்னாலை யன்னல் இருக்கோ? ஐயர் எந்தப் பக்கம் இருப்பார்? தாலி கட்டேக்கை குறுக்கை எழும்பி நிக்கிற பெரியப்பா ஆரும் இருக்கினமோ?" ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்த்துப் பதில் எழுதினேன். யன்னல் இருந்தது. திரை போடச் சொன்னேன். பெரியப்பா இருந்தார். அவருக்கு முன்வரிசையில் நல்ல கதிரை கொடுத்து இருத்தினேன். நிற்கும் இடத்தை இரண்டு முறை மாற்றினேன்.

பதினேழு கேள்விகளோடு போன் அடங்கிவிட்டது. உள்ளே மேளம் தொடங்கியது. கௌசி கூறைச் சேலையோடு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் சரியா என்று பற்றரியை மூன்றாம் தடவையும் கழற்றிப் பார்த்தேன். சுவரோரம் ஒதுங்கி, அவசர அவசரமாக அந்தப் பூட்டிய படலைக்கு எழுதினேன்:

"அண்ணை, வேறை ஏதும் கேளுங்கோவன்."